ஒன்பது நொடிப் புருவம்

இரண்டும் ஒரே விலை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஓர் உப்பு பிஸ்கட் அளவுதான். ஒன்றுக்குப் பெயர் சுடர், இன்னொன்றுக்கு மேகா. மேசைக் கணினிக்குள்ளே உட்கார்ந்து யோசிக்கிற பாகம் அதுதான், கடைக்காரர்கள் ப்ராசசர் என்பார்கள். குறைந்த விலையில் கணினி வாங்க வருகிறவர்களுக்கு அந்த வருஷம் இந்த இரண்டை விட்டால் வேறு வழியில்லை.

எது நல்லது என்று கேட்டால், கோயமுத்தூர் காந்திபுரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் கடை வைத்திருந்த ஜெரினா வாயால் பதில் சொல்லமாட்டாள். இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வேலையை இரண்டுக்கும் கொடுத்து, கழுத்தில் தொங்குகிற ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவாள். பள்ளிக்கூடத்தில் நானூறு மீட்டர் ஓடிய காலத்திலிருந்து அவளிடம் இருக்கும் கடிகாரம் அது. வந்த நொடிக் கணக்கை அட்டைப்பெட்டி மேலேயே மார்க்கர் பேனாவால் எழுதி, "நீங்களே பாத்துக்குங்க" என்று நீட்டிவிடுவாள். அவள் கடையில் யாரும் ஏமாந்ததில்லை என்று அந்தத் தெருவே சொல்லும்.

ஈஸ்வரமூர்த்தி அந்தக் கடைக்கு வந்தது ஒரு சித்திரை மாதத்துப் பகலில். கணபதியில் பம்ப்செட் உதிரிபாகம் கடைகிற பட்டறை அவருக்கு. வந்தவர் முகத்தில் நான்கு மாத தாடி.

"வேகமா இருக்கோணும், அம்மிணி. எம்பட ஊட்டுக்காரி பேசோணும்" என்றார்.

அவர் மனைவி கோகிலவாணிக்கு நாற்பத்தொன்பது வயது. நான்கு மாதத்துக்கு முன்னால் மூளைக்குப் போகிற ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தாள். காது கேட்கிறது, கண் தெரிகிறது, தொட்டால் தெரிகிறது, புத்தி கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, நாக்கும் அசையாது. அவள் சொன்னபடி கேட்பது வலது புருவம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். புருவம் தூக்கினால் பட்டை அதைக் கணினிக்குச் சொல்லும், கணினி எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். எழுத்து சேர்ந்தால் சொல், சொல் சேர்ந்தால் கணினி அவளுக்காகப் பேசும்.

ஜெரினா அந்தப் பட்டையைத் தன் நெற்றியிலேயே கட்டிக்கொண்டு பந்தயத்தை ஆரம்பித்தாள். முதலில் மேகா. திரையில் எழுத்து வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் வெளிச்சம் பத்து நொடி நிற்கும். வேண்டிய இடத்துக்கு வரும்போது புருவத்தைத் தூக்க வேண்டும். 'தண்ணீர் வேண்டும்' என்று எழுதி முடிக்கப் பதினோரு நிமிஷம் ஆனது.

"தண்ணி கேட்டு முடிக்கறக்குள்ள தாகமே போயிரும்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இப்பப் பாருங்ணா" என்று ஜெரினா பட்டையைச் சுடருக்கு மாற்றினாள். கடையிலிருந்த சுடருக்கு ஏற்கனவே ஜெரினாவைப் பழக்கம். "என்ன வேணும்னு என்னைக் கேளுங்க."

"என்ன வேணும் அம்மிணி?"

"தண்ணி குடுங்ணா, வெயிலு தாங்கல" என்றது கணினி, ஜெரினாவின் குரலிலேயே. நான்கு நொடி.

ஈஸ்வரமூர்த்திக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "எப்படிம்மா?"

"இதுக்குள்ள முன்னாடியே ஊகம் பண்ற பகுதி ஒண்ணு இருக்குதுங்க. ஒரு ஹோட்டலுன்னு வெச்சுக்குங்க. நீங்க தெனமும் போறீங்க. நீங்க உள்ள காலெடுத்து வெக்கறப்பவே சப்ளையர் உங்களுக்குக் காபி சொல்லிருவாருல்லங்ணா? அதே மாதிரி. ஆளைப் பழகிக்கும். நீங்க கேக்கறதுக்கு முந்தியே கொண்டாந்து வெச்சுரும்."

"அன்னிக்கு நான் டீ குடிக்கலாம்னு போயிருந்தா?"

"வேண்டாம்னு புருவத்தத் தூக்கினாப் போதும். காபியக் கொட்டிட்டு டீ கொண்டாந்துரும். அதுக்கு மூணு நொடி டைம் குடுக்கும். ஒரு காபி வீணு, அவ்வளவுதான்."

பெட்டி மேல் எழுதினாள்: மேகா 11 நிமிஷம், சுடர் 4 நொடி. "இதுல யோசிக்கறக்கு என்னங்ணா இருக்குது?"

யோசிக்க ஒன்றும் இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை.

சுடருக்குக் கோகிலவாணியைப் பழக்க அவளுடைய பழைய பேச்சு வேண்டும், எத்தனை மணி நேரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்றாள் ஜெரினா. ஈஸ்வரமூர்த்தி மறுநாளே ஒரு தகர டப்பா நிறையப் பென்டிரைவ் கொண்டுவந்து கொட்டினார். எல்லாம் விசேஷ வீடியோ. மகளின் சீர், மகளின் கல்யாணம், புதுமனைப் புகுவிழா, மச்சினன் வீட்டு வளைகாப்பு. மொத்தம் அறுபத்தொரு மணி நேரம். நம் வீடுகளில் ஒரு பெண்மணியின் குரலை வேறு எங்கே தேடுவது? கேமரா வருகிறபோதுதானே யாராவது அவளைப் பார்த்து, ஏதாவது சொல்லும்மா என்கிறார்கள்?

அத்தனை வீடியோவிலும் கோகிலவாணி மண்டப வாசலில் நின்று சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க, வாங்க. சாப்பிட்டுத்தான் போகோணும். எங்களுக்கென்னங்க, நல்லா இருக்கோம். எல்லாம் உங்க இஷ்டமுங்க."

கணினியை வீட்டில் பொருத்தி, பட்டையை அவள் நெற்றியில் கட்டிய அன்று, நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் வந்த முதல் பேச்சு: "வாங்க ஜெரினா, சாப்பிட்டீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். ஜெரினாவுக்கும் கண் கலங்கியது. கட்டிலில் கோகிலவாணியின் புருவம் மெல்ல மேலே ஏறியது. சந்தோஷத்தில் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆறு மாதம் ஓடியது. அந்த வீடு மறுபடியும் வீடாகிவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். பட்டறையிலிருந்து வருகிற ஈஸ்வரமூர்த்தி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வார். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். வாரம் ஒருமுறை வருகிற அவருடைய அக்கா ருக்மணி, "அந்தப் பணிவு இருக்குதே, கொஞ்சமாச்சும் கொறைஞ்சிருக்குதா பாரு!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவாள்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, கணினியைத் தூசி தட்டி அதன் விசிறியைச் சுத்தம் செய்ய ஜெரினா வந்தாள். வாசலில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன.

"நாளைக்கு வெடியால பெங்களூர் கிளம்பறோம் அம்மிணி. மக ஊட்டுல மூணு மாசம். வண்டி தானா ஓட்டிக்கும், இவ படுத்துட்டே வரலாம், ஏழு மணி நேரந்தான்."

"கோகிலாக்கா சரின்னுட்டாங்களா?"

"கேட்டேனே. 'எல்லாம் உங்க இஷ்டமுங்க'ன்னுட்டா."

அப்போது டாக்டர் ஆரோக்கியதாஸ் திரையில் வந்தார். வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு அவர் வருவது வழக்கம்.

"கோகிலாம்மா, எப்படி இருக்கீங்க? எங்கியாச்சும் வலி இருக்கா? கை, கால்?"

"இல்லைங்க டாக்டர், நல்லா இருக்கேன்" என்றது அவள் குரல் உடனே. "நீங்க சாப்பிட்டீங்களா?"

டாக்டர் சிரித்தார். "எங்கிட்ட வர்ற பேஷன்ட்ல என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கறது நீங்க ஒருத்தர்தான். நல்லபடியா போயிட்டு வாங்க."

திரை அணைந்தது. ஈஸ்வரமூர்த்தி மாத்திரைகளை எடுத்துக் கட்ட அடுத்த அறைக்குப் போனார். ஜெரினா சுடரை நிறுத்தி மூடியைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து இன்னொரு சின்னக் கணினியை எடுத்துப் பட்டையை அதில் செருகினாள்.

"ஒரு மணி நேரம் ஆகுங்க்கா. அதுவரைக்கும் நீங்க பேசாமக் கெடக்க வேண்டாம்னு கடையிலிருந்து ஒரு மேகா கொண்டாந்தேன். இதுக்கு உங்களைத் தெரியாது, மெதுவாத்தான் இருக்கும். சும்மா பொழுதுபோக்கா இருக்கட்டும்."

தரையில் உட்கார்ந்து பிரஷ்ஷால் தூசியைத் தட்ட ஆரம்பித்தாள். ஓர் எழுத்து பிடிபட்டால் மேகா 'டிங்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஒரு டிங். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டிங். அக்கா ஏதோ விளையாடிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜெரினா விசிறியைத் துடைத்தாள். எட்டு நிமிஷம் போயிருக்கும். எதற்கோ நிமிர்ந்தாள்.

திரையில் இருந்தது: அது நானில்ல.

பிரஷ் கையிலிருந்து விழுந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மறுபடி நகர்ந்தது. கட்டிலில் புருவம் ஏறியது. டிங். ஜெரினா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். கால் வலி என்று வந்தது. பிறகு, எட்டு நாள்.

"அண்ணா!" என்று அவள் கத்தியதில் ஈஸ்வரமூர்த்தி மாத்திரை டப்பாவோடு ஓடிவந்தார். திரையைப் படித்தார். முகம் சுருங்கியது.

"புது மெஷினு என்னமோ ஒளறுது. இப்பத்தானே டாக்டர்கிட்ட வலி இல்லைன்னு சொன்னா? நீயும் கேட்டுட்டுத்தானே இருந்த?"

"அதாங்ணா எனக்கும் புரியல. இருங்க."

அவள் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுத்தாள். "அக்கா, நான் 'இப்ப'ன்னு சொன்னதும் புருவத்தைத் தூக்குங்க. இப்ப."

அந்தப் புருவம் தூங்கி எழுகிற குழந்தை மாதிரி முதலில் கொஞ்சம் துடித்தது. நின்றது. பிறகு ஏறியது. ஜெரினா கடிகாரத்தை அமுக்கிப் பார்த்தாள். ஒன்பது நொடி. மறுபடி பார்த்தாள். ஒன்பது. மூன்றாவது தடவை ஒன்பதரை.

கடையில் பந்தயம் வைத்தபோது பட்டையைக் கட்டிக்கொண்டது யார்? ஜெரினா. நானூறு மீட்டர் ஓடிய ஜெரினா. அவள் புருவத்துக்கு அரை நொடி போதும். படுத்திருக்கிறவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்தக் கடிகாரத்தை வைத்து யாரும் அளக்கவேயில்லை.

மூடி கழற்றிய சுடரை மறுபடி மாட்டி, அது எழுதி வைத்திருக்கும் பதிவைத் திறந்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"நாம கேள்வி கேட்டதும் இது அக்காவோட பழைய பேச்சை வெச்சு ஒரு பதிலை ஊகம் பண்ணுதுங்ணா. மூணு நொடி பாக்குது. புருவம் அசையலைன்னா, சரிதான் போலன்னு சத்தமாச் சொல்லிருது. அக்கா வேண்டாம்னு தூக்கத்தான் செஞ்சிருக்காங்க. ஒன்பதாவது நொடியில. அதுக்குள்ள நாம பதிலைக் கேட்டுட்டு அடுத்த பேச்சுக்குப் போயிட்டோம்."

"எத்தனை தடவை?"

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொண்ணுக்கும் நேரா, 'தாமதம், ஏற்கப்படவில்லை'ன்னு போட்டு வெச்சிருக்குது."

ஈஸ்வரமூர்த்தி கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். போர்வையை விலக்கினார். தினமும் துடைத்துவிடுகிற கால்தான். துடைக்கிற கைக்கு அவசரம் இருந்திருக்கும். பட்டறையில் நூலளவு வித்தியாசத்தைக் கூட விரலால் கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். இரண்டு கெண்டைக்காலையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அளவு நாடாவை எடுத்துச் சுற்றினார்.

"வலதுகால் மூணு சென்டிமீட்டர் கூட இருக்குது" என்றார். "சூடாவும் இருக்குது."

டாக்டரைத் திரும்ப அழைத்தார்கள். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. "காலை அமுக்காதீங்க, தூக்காதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்பறேன். பெங்களூர் பயணத்தை மறந்துடுங்க."

மூச்சை விடுங்கள், கண்ணுகளா. இது நல்லபடியாக முடிகிற கதைதான்.

ஸ்கேனில் காலின் உள் ரத்தக்குழாயில் விரல் நீளத்துக்கு ரத்தம் கட்டியிருந்தது. ஏழு மணி நேரம் வண்டியில் குலுங்கியிருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர் ஆரோக்கியதாஸ். இப்போது ஊசியிலேயே கரைந்துவிடும். நான்கு நாள் இங்கே இருந்தால் போதும், திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம். போகத் திரும்பியவர் நின்றார். "நான் கேட்ட கேள்விக்கு வந்த பதில் ரொம்ப நல்லா இருந்துது. அதனாலயே நான் சந்தேகப்பட்டிருக்கணும்."

ஆஸ்பத்திரி நடையில் ஈஸ்வரமூர்த்தியும் ஜெரினாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆறு மாசமா நான் யாருகிட்ட அம்மிணி பேசிட்டிருந்தேன்?"

"கல்யாண வீடியோகிட்டங்ணா." சொன்னபிறகு அவளுக்கே சுருக்கென்றது. "தப்பு என்மேலதான். வேகத்தை மட்டும் அளந்தேன்."

ஈஸ்வரமூர்த்தி மனைவி இருந்த அறைக் கதவைப் பார்த்தார். பிறகு, "அது ஊகம் பண்ணுனதுல ஒண்ணும் தப்பில்ல பாரு. இருபத்தாறு வருஷமா நானும் அப்படித்தானே? கேப்பேன், அவ வாயத் தொறக்கறக்குள்ள அவளுக்கும் சேத்து நானே பதிலச் சொல்லிருவேன். மூணு நொடி கூட உட்டதில்ல." தாடியைத் தடவிக்கொண்டார். "வீடியோவுல 'உங்க இஷ்டமுங்க'ன்னு சொல்றாளே, அது மட்டும் அவளா சொன்னதுன்னு எப்படித் தெரியும்?"

ஜெரினா அவர் தோளைத் தொட வந்து, தயங்கி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மதியம் கோகிலவாணி வீட்டுக்கு வந்தாள். நெற்றிப் பட்டை மேகாவில் இருந்தது. மூலையில் மூடி மாட்டிய சுடர், அழைக்கப்படாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இதை நான் எடுத்துட்டுப் போயிடறேங்ணா. பதிலுக்கு மேகாவ வெச்சுக்குங்க, கணக்கு சரியாப் போயிரும்" என்றாள் ஜெரினா.

"எதுக்கு எடுத்துட்டுப் போற? சுத்தியலைக் கொண்டா, ஒடைச்சுப் போடறேன்."

டிங்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மேகாவின் திரையில் ஓர் எழுத்து. ஈஸ்வரமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். வெளிச்சம் வரிசை வரிசையாக நகர்ந்தது. வெளியே காய்கறி வண்டி கூவிக்கொண்டு போய், தெருக்கோடி வரை போய்த் திரும்பியும் வந்துவிட்டது.

ஒடைக்காதீங்க என்று வந்தது.

"சரி" என்றார். "ஒடைக்கல. என்ன பண்ணட்டும்?" இந்தத் தடவை கேட்டுவிட்டு உதட்டை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டார். ஜெரினாவுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பதிலுக்குப் பதினான்கு நிமிஷம் ஆனது. அது ஹாலுக்கு. இது எனக்கு.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஜெரினா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஈஸ்வரமூர்த்தி சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டார். கட்டிலில் கோகிலவாணியின் முகம் அசையவில்லை, அதற்கு அசையத் தெரியாது. ஆனால் அந்த வலது புருவம், யாரும் எதுவும் கேட்காமலேயே, ஒருமுறை மேலே போய் வந்தது.

புதன்கிழமை ருக்மணி அக்கா வந்தாள். ஹாலில் டீவிக்குப் பக்கத்தில் சுடர் இருந்தது.

"வாங்கக்கா, வாங்க" என்றது. "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு கண்ணு. உள்ள படுத்துட்டே இங்க பேசறது உனக்குக் கேக்குதா? அவ்வளவு பெரிய கண்டத்துல இருந்து பொழைச்சு வந்திருக்கற, அப்பவும் பாரு, சாப்பிட்டயான்னுதான் கேக்கற." அக்கா சோபாவில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "உம்பட மக ஊட்டுக்குப் போகலையாமே? போயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

"எல்லாம் உங்க இஷ்டமுங்க்கா."

"அப்படிச் சொல்லு!" அக்கா ஆரம்பித்தாள். மருமகளைப் பற்றி, மருமகளின் அம்மாவைப் பற்றி, மாவு அரைக்கிற மெஷினைப் பற்றி.

உள்ளறையில் ஈஸ்வரமூர்த்தி கட்டிலோரத்து நாற்காலியில் இருந்தார். மேகாவின் வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. டிங். 'க' வந்தது. கொஞ்ச நேரம் கழித்து 'த'. கதகதப்பு வேண்டும் என்கிறாளோ, போர்வையை இழுத்துவிடச் சொல்கிறாளோ என்று அவர் கை தானாகப் போர்வைப் பக்கம் நீண்டது. பாதியில் நிறுத்தி, கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்.

ஹாலில் அக்கா, "நீ ஒருத்திதான் நாஞ் சொல்றதப் பொறுமையா கேக்கற கண்ணு" என்றாள். "நீங்க சாப்பிட்டுத்தான் போகோணும்" என்றது சுடர்.

பதினாறு நிமிஷம் கழித்து எழுத்து முழுதாக நின்றது.

கதவ சாத்துங்க. சிரிப்பு வருது.

அவர் எழுந்துபோய், சத்தம் வராமல், கதவைச் சாத்தினார்.